அன்புள்ள விற்பனையாளரே

மெயில் வந்த நேரத்தில் எழில்மதி ஒரு ரேடியோவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டுவது என்றால் தண்ணீர் ஊற்றி அல்ல. பல் தேய்த்துக் கழித்த பிரஷ், தேங்காய் எண்ணெய் தொட்ட பனியன் துணி, காது குடையும் பஞ்சுக் குச்சி, இவ்வளவுதான் சாமான். மந்தாரக்குப்பத்தில் எந்தப் பொருளைத் துடைத்தாலும் துணியில் முதலில் வருவது கரித்தூசிதான். அதற்குப் பிறகுதான் அந்தப் பொருளின் சொந்த அழுக்கு வரும்.

அவள் தொழில் இதுதான். நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் மாசக் கடைசி என்றால் நாலு பேராவது ரிட்டயர் ஆவார்கள். மாலை போட்டு, போட்டோ பிடித்து, வண்டி வைத்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். பிறகு குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும் நாள் வரும். முப்பது வருஷம் குடியிருந்த வீட்டின் பரணில் என்னென்ன கிடக்கிறது என்பது வாசலில் லாரி வந்து நிற்கும்போதுதான் அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியும். மகனின் சென்னை பிளாட்டில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. சரியாக அந்த நேரத்துக்கு எழில்மதி தன் பழைய ஸ்கூட்டியில் போய் நிற்பாள். முன்னால் அதே டவுன்ஷிப்பில், வட்டம் என்று சொல்லும் பிளாக்குகளில் மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்தவள். ஆகவே எந்த வீட்டுப் பரணில் என்ன இருக்கும் என்பது வீட்டுக்காரர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வால்வு ரேடியோ, சாவி கொடுக்கும் கடிகாரம், பித்தளை டார்ச் லைட், பிலிம் போடும் கேமரா. துடைத்து, ஓடுகிறதா என்று பார்த்து, புருஷன் வளவனின் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடித்து ஏலத் தளத்தில் போடுவாள். கீறல் இருந்தால் முதல் படமே கீறல்தான். ஏழு நாள் ஏலம். ஜெய்ப்பூர்க்காரரும் கொச்சிக்காரரும் மாற்றி மாற்றி விலை ஏற்றுவார்கள். முடிந்ததும் மளிகைக்கடை அட்டைப் பெட்டியில் வைக்கோல் அடைத்து, குழந்தைக்குத் துணி சுற்றுவது மாதிரி சுற்றி அனுப்பிவிடுவாள். மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவளைப் பற்றி நல்லதாக எழுதியிருந்தார்கள். கெட்டதாக எழுதியவர் ஒருத்தரும் இல்லை. அவள் பேருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அதுதான்.

போன் கிணுங்கியதும் ஏலத்தில் யாரோ விலை ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தாள். மேலே ஏலத் தளத்தின் படம், அதே நீல நிறம். கீழே இங்கிலீஷ். மூன்று வருஷப் பழக்கத்தில் இங்கிலீஷ் அவளுக்குத் தட்டுத் தடுமாறி வரும். இன்றைக்கு அது தடுமாறாமல் வந்துதான் தொலைத்தது.

'அன்புள்ள விற்பனையாளரே, தாங்கள் விற்ற பொருள் திருட்டுப் பொருள் என்று புகார் வந்துள்ளது. காவல்துறைக்குத் தகவல் தரப்பட இருக்கிறது. தங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கீழே உள்ள இணைப்பை அழுத்தித் தங்களை உறுதிப்படுத்தவும். தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.'

பயத்தில் முதலில் எழில்மதிக்கு ஞாபகம் வந்தது தான் விற்ற ஒரு பழைய போன்தான்.

சித்திரை மாசம், ரிட்டயரான கலியமூர்த்தி சார் வீட்டில் எடுத்தது அது. கறுப்பு நிறம், நாலு கிலோ கனம், பக்கத்தில் கைப்பிடி வைத்துச் சுற்றும் போன். சுரங்கத்துக்குள் அந்தக் காலத்தில் பேசிக்கொள்ள வைத்திருந்தது. அடியில் ஒரு தகட்டில் நம்பர் அடித்திருந்தது. "ஆவாதுன்னு கண்டம் பண்ண சாமான்மா, ஸ்கிராப்ல எடுத்தது, பில்லு எங்கியோ கெடக்கு" என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டார். பில் கேட்காமல் அவள் எதையும் எடுப்பதில்லை. அன்றைக்கு லாரிக்காரன் கத்திக்கொண்டிருந்தான், சாரின் சம்சாரம் அழுதுகொண்டிருந்தார், கேட்க வாய் வரவில்லை. புனேக்காரர் ஒருவர் அதை நல்ல விலைக்கு எடுத்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நெஞ்சு அதைவிட அதிகமாகக் குறுகுறுக்கும் என்பது இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கலியமூர்த்தி சாருக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் போட்டாள். அதே குரல், அதே பதில்.

வளவன் அடுப்படியில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் அவனுக்கு ரெண்டாவது ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்குத்தான் வேலை. மகள் அபி லீவுக்குக் காடாம்புலியூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். பழத்தை அவள் தின்றுவிட்டுக் கொட்டையை மட்டும் அப்பனுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தாள். கத்திரிக்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைப்பதாக ஏற்பாடு.

"ஏங்க, இத கொஞ்சம் பாருங்க."

"கையெல்லாம் பிசினு. நீயே படி."

படித்தாள். பாதிக்கு மேல் தமிழில் சொன்னாள். போலீஸ் என்ற இடத்தில் அவன் கை நின்றுவிட்டது.

"எந்தப் பொருளாம்?"

"போடலீங்க. ஆனா அந்த கலியமூர்த்தி சார் வூட்டு போனாத்தாங்க இருக்கும். அடியில கம்பெனி நம்பரு இருந்துச்சி."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ?"

"ஸ்கிராப்புன்னு சொன்னாருங்க. பில்லுதான் வாங்கல."

வளவன் எழுந்து கையைக் கழுவினான். திரும்பத் திரும்பக் கழுவினான். பிசின் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான்.

பதினோரு வருஷமாகச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை அவனுக்கு. கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து, சிந்திய மண்ணையும் கரியையும் வாரிப் போட வேண்டும். மழைக் காலத்தில் முழங்கால் சேறு, வெயில் காலத்தில் மூக்கு நிறையத் தூசி. பக்கத்தில் அதே வேலையைச் செய்கிற பெர்மனெண்ட் ஆளுக்குக் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. இவனுக்கு ஹெல்மெட் மட்டும்தான். போன மாசம்தான் பெர்மனெண்ட் லிஸ்டில் அவன் பேர் வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை போலீஸ் வெரிபிகேஷன். பேரில் ஒரு சின்னக் கறை இருந்தாலும் லிஸ்டிலிருந்து அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"திங்கக்கெழம ஸ்டேஷன்லேர்ந்து வருவாங்க எழிலு."

"தெரியுங்க."

"பொண்டாட்டி மேல திருட்டுக் கேசு இருக்குதுன்னா?"

அழுதால் அவன் இன்னும் பயப்படுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பதிலு போட்டுடணும்" என்றான் வளவன். "மொதல்ல பதிலு போட்டுடணும். நோட்டீசு வந்தா சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருந்துதான எங்கப்பன் கெட்டான்."

அந்தக் கதையைக் கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எழில்மதி நூறு தடவையாவது கேட்டிருப்பாள். கம்மாபுரம் பக்கத்தில் அவன் அப்பா பழனிவேலுக்கு மூன்று செண்டு மனை இருந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் அறுப்பறுத்த குடும்பத்துக்கு முதன்முதலாகச் சொந்தம் என்று கிடைத்த மண். சுரங்கத்துக்காக நிலமெடுப்பு நோட்டீஸ் வந்தபோது பழனிவேல் வாங்கிக் கைநாட்டு வைத்து, மடித்துக் கூரையில் செருகிவிட்டார். படிக்கத் தெரியாது. படித்தவனிடம் காட்டக் கூச்சம். முப்பது நாளுக்குள் பதில் எழுதிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் விசாரணை நடந்தது, மாற்று மனை கிடைத்தது. பழனிவேல் போய்க் கேட்டபோது, "உங்களுக்குத்தான் நோட்டீஸ் குடுத்தமே, நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்று பைலைக் காட்டினார்கள். அதிலிருந்து வளவன் எந்தக் காகிதத்துக்கும் பதில் போடாமல் இருப்பதில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் ஊருக்கெல்லாம் அனுப்பிய பொங்கல் வாழ்த்துக்கு நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்த ஆள் அவன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மனையை இழந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

"நீ அவனுக்கு மெயிலுல பதிலு போடு" என்றான். "நான் காண்ட்ராக்டர் ஆபீசுல எழுதிக் குடுத்துடறேன்."

"அங்க எதுக்குங்க?"

"நாளைக்கு அவங்களா கண்டுபிடிச்சாங்கன்னா திருடன்னு சொல்லுவாங்க. நாமளே முன்னாடி போயி ஒத்துக்கினா தெரியாம செஞ்சிட்டான், நேர்மையான ஆளுன்னு உட்டுடுவாங்க. ரெண்டு பக்கமும் அடச்சிடணும்."

"கொஞ்சம் பொறுங்களேன். கலியமூர்த்தி சாருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"இருவத்திநாலு மணி நேரம்னு போட்டிருக்கான், பொறுன்றியே."

அபியின் ரப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தான். மதிப்பிற்குரிய அய்யா என்று ஆரம்பித்து, பேர், தகப்பனார் பேர், டோக்கன் நம்பர் எல்லாம் போட்டு எழுதினான். 'என் மனைவி தெரியாமல் கம்பெனி போன் ஒன்றை விற்றுவிட்டார்.' அந்த வரியை எழுதும்போது பேனா நின்று நின்று போனது. எழில்மதிக்கு அந்தப் பேனாவைப் பிடுங்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் தப்பு தன்னுடையது என்று அவள் நம்பிவிட்டாள். தப்புச் செய்தவள் எந்த வாயோடு தடுப்பாள்?

குழம்பு கொதித்து இறங்கியது. இரண்டு பேரும் நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். சுரங்கத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் போனை வழக்கம்போல டிவி மேல் வைத்துவிட்டான்.

"பதிலு போட்டுடு, மறந்துடாத" என்று தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனான்.

எழில்மதி உள்ளே வந்து இணைப்பை அழுத்தினாள். ஏலத் தளத்தின் பக்கம் திறந்தது. தினம் பார்க்கிற அதே பக்கம். விற்பனையாளர் பெயர் கேட்டது, அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. விரல் அங்கே நின்றது. கடவுச்சொல் அவளுக்கு மனப்பாடம் இல்லை. தளத்தைத் திறந்தால் போனே தானாக அதை நிரப்பிவிடும், மூன்று வருஷமாக அப்படித்தான். இன்றைக்குக் கட்டம் காலியாகவே கிடந்தது.

'கணக்கை நிறுத்திட்டாங்க, அதான் வரமாட்டேங்குது' என்று நினைத்து இன்னும் பயந்துபோனாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. கடவுச்சொல்லை எழுதி வைத்த சீட்டு கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள் இருந்தது. கேஸ் புத்தகம் பீரோவில், பீரோ சாவி அரிசி டப்பாவில். ஒவ்வொன்றாகத் திறந்து சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் எழுத்தை அடித்தாள். இரண்டாவது எழுத்தை அடித்தாள்.

டிவி மேல் வளவனின் போன் கிணுங்கியது.

யாராக இருந்தாலும் பிறகு பார்க்கலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் கலியமூர்த்தி சாரிடம் வளவனின் நம்பரும் உண்டு. ஓடிப்போய் எடுத்தாள். போன் இல்லை, மெயில். மேலே நீல நிறம்.

'அன்புள்ள விற்பனையாளரே, தாங்கள் விற்ற பொருள் திருட்டுப் பொருள் என்று புகார் வந்துள்ளது.'

அவள் நின்ற இடத்திலேயே மறுபடி படித்தாள். ஒரு எழுத்து மாறாமல் அதே கடிதம். இது வளவனின் மெயில். பி.எப்.புக்காக பிரவுசிங் சென்டரில் போட்டுக் கொடுத்தது. அந்தத் தளத்தில் அவனுக்குக் கணக்கே கிடையாது. அவன் வாழ்நாளில் ஒரு குண்டூசி கூட யாருக்கும் விற்றதில்லை. அவன் எதைத் திருடி எதை விற்றானாம்?

எழில்மதி தரையில் உட்கார்ந்தாள். இரண்டு போனையும் மடியில் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாள். இப்போதுதான் கண் திறந்தது. அவள் பேர் அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. பணம் வந்தால்கூட 'எழில்மதி வளவன்' என்று பேர் போட்டுத்தான் தளத்திலிருந்து எழுதுவார்கள். பொருளின் பேர் இல்லை, ஏல நம்பர் இல்லை, வாங்கினவர் யார் என்று இல்லை. அனுப்பியவர் முகவரியை அழுத்திப் பார்த்தாள். தளத்தின் பேருக்குப் பின்னால் ஏதேதோ வால் நீண்டுகொண்டு போனது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, எப்போதும் திறக்கிற வழியில் தளத்தைத் திறந்தாள். கடவுச்சொல் தானாக வந்து உட்கார்ந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. செய்திப் பெட்டியில் ஒரு புகாரும் இல்லை. ரேடியோவுக்கு அளவு கேட்டு கொச்சிக்காரர் எழுதியிருந்தார். புனேக்காரர் அந்த போனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு நன்றி சொன்னது அப்படியே இருந்தது.

போன் விற்ற சங்கதி மெயில் அனுப்பினவனுக்குத் தெரியவே தெரியாது. ஆயிரம் பேருக்கு அனுப்பியிருப்பான். பொருள் என்று மட்டும் எழுதி விட்டுவிட்டான், அதில் போனைக் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். இரண்டு எழுத்தோடு நிறுத்தினாளே, மிச்ச எழுத்தையும் போட்டிருந்தால் கணக்கே போயிருக்கும். அவளுக்கு ஒரு நிமிஷம் சிரிப்புக் கூட வந்தது.

அப்புறம் வளவனின் கடிதம் ஞாபகம் வந்தது.

மணி ஒன்று இருபது. அவன் போன் அவள் மடியிலேயே இருந்தது.

வீட்டைப் பூட்டினாளா என்று அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் சந்தேகம்தான். ஸ்கூட்டி இரண்டு உதைக்கு மசியவில்லை, மூன்றாவதில் எடுத்தது. வைகாசி வெயில் முகத்தில் அனலாக அடித்தது. ஷிப்ட் நேரம், ரோடு நிறையப் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் பைக்குகள். தூரத்தில் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடு மலை மாதிரி நின்றது. முருகா, முருகா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள். ஆபீசில் கூட்டம் இருக்கட்டும், அவன் வண்டி பஞ்சராகட்டும், பேனா மை ஒழுகிக் கடிதம் வீணாகட்டும் என்று தன் புருஷனுக்கு வரக்கூடிய இடைஞ்சல்களையெல்லாம் வரமாகக் கேட்டாள்.

காண்ட்ராக்டர் ஆபீஸ் சுரங்கத்து கேட்டுக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, ஒரு கதவு, காகிதம் வாங்க ஒரு ஜன்னல். வாசல் வேப்பமரத்தடியில் வளவன் நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து இல்லாத தெளிவு அவன் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன். ஜெராக்ஸ் கடையில கரண்டு இல்ல, அதான் லேட்டு. இல்லன்னா ஒரு மணிக்கே குடுத்திருப்பேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளைப் பிரித்துக் காட்டினான். "பாரு, காப்பியில முத்திர வாங்கிக்கினேன். மொதல்ல மாட்டேன்னாங்க. வுடலியே நானு. இனிமே எவனும் வந்து நீ ஒண்ணும் சொல்லலன்னு சொல்ல முடியாது."

ஊதா நிறத்தில் ஈரம் காயாத வட்டம். பெறப்பட்டது.

"அது பொய் மெயிலுங்க" என்றாள் எழில்மதி. மூச்சு வாங்கியது. "ஒங்களுக்கும் அதே வந்திருக்கு. பாருங்க. நீங்க என்னாத்த வித்தீங்க? எம் பாஸ்வேர்ட புடுங்கறதுக்கு எவனோ அனுப்பியிருக்கான். போலீசும் இல்ல, புகாரும் இல்ல."

அவன் இரண்டு போனையும் வாங்கிப் பார்த்தான். உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான். முகத்திலிருந்து தெளிவு வடிந்துபோவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்போ நான் எழுதினது?"

"உள்ள யாரு வாங்கினாங்க?"

"செவ்வந்தின்னு அந்தம்மா. சாப்பாட்டுக்கு எழுந்திருச்சிட்டாங்க. தட்டுல வெச்சிட்டுப் போயிருக்காங்க. சாப்புட்டு வந்துதான் ரிஜிஸ்டர்ல ஏத்துவாங்களாம்."

எழில்மதி ஜன்னலுக்குப் போனாள். உள்ளே யாரும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் ஒரு தகரத் தட்டு, அதில் நாலைந்து காகிதம், பறக்காமல் இருக்க மேலே ஒரு கரிக்கட்டி. ரப் நோட்டுத் தாளின் கிழிந்த ஓரம் வெளியே தெரிந்தது. பின்பக்கம் குழாயடியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"வேணாம் எழிலு" என்றான் வளவன் பின்னாலிருந்து. "கேட்டு வாங்கலாம். எடுத்தா திருட்டு."

"கேட்டா படிப்பாங்க."

கம்பிக்குள் கையை விட்டாள். வளையல் கம்பியில் பட்டுச் சத்தம் போட்டது. கரிக்கட்டியை நகர்த்தித் தாளை இழுத்தாள். அது வெளியே வந்தபோது அவள் கை அவளுடையது மாதிரியே இல்லை. பிறந்ததிலிருந்து அடுத்தவர் வீட்டில் ஒரு கரண்டி எடுத்தவள் இல்லை அவள். பாத்திரம் தேய்த்த வீடுகளில் நகையை மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவு நம்பிக்கை.

"காப்பியக் குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"முத்திர போட்டது எழிலு."

"தெரியுதுங்க."

"நாளைக்கு நெசமாவே கேட்டாங்கன்னா? எங்கப்பன் மாதிரி நின்னுக்கினு இருக்கச் சொல்றியா?"

"நம்மள யாரும் ஒண்ணுமே கேக்கலீங்க" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கேக்காததுக்கு எதுக்குங்க பதிலு?"

இரண்டு மணிச் சங்கு ஊதப் பத்து நிமிஷம் இருந்தது. கேட்டில் வரிசை நகர ஆரம்பித்தது. அவன் அந்த ஊதா வட்டத்தை ஒரு தடவை பார்த்தான். மடித்து அவள் கையில் வைத்தான். வரிசையில் போய் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பனின் மனையை அதிகாரிகள் வந்து அளந்த அன்றைக்கும் அவன் இப்படித்தான் நின்றிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஸ்கூட்டிக்கு வந்தாள். சாவியைப் போட்டாள். அப்போதுதான் ஜன்னலுக்குள் அந்தக் குரல் கேட்டது.

"இங்க வெச்சிருந்த லெட்டரு எங்க போச்சி?"

நாற்பத்தைந்து வயசு இருக்கும் அந்த அம்மாளுக்கு. ஈரக் கையோடு தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு மூலையெல்லாம் தேடினாள். ஜன்னலுக்கு வந்து வெளியே நின்ற எழில்மதியைப் பார்த்தாள்.

"ஏம்மா, இங்க ஒரு லெட்டரு இருந்துச்சி, யாராவது எடுத்ததப் பார்த்தியா?"

"இல்லீங்க" என்றாள் எழில்மதி. இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அவளே நினைக்கவில்லை.

"ஐயோ, பேரு கூடப் பாக்கலியே நானு. லீவு லெட்டருன்னு நெனச்சி முத்திரயப் போட்டுக் குடுத்துட்டேன். ரிஜிஸ்டர்ல ஏத்தவும் இல்ல. நாளைக்கு அந்த ஆளு காப்பியக் கொண்டாந்து நீட்டினா நான் என்னா பதிலு சொல்லுவேன்? போன வருஷம் ஒரு பொண்ண இதுக்குத்தான் வேலய வுட்டு அனுப்பினாங்க." சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் குரல் கம்மியது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

எழில்மதி அந்த முகத்தைப் பார்த்தாள். காலையில் கண்ணாடியில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவள் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து தனக்குச் செய்ததை, தான் இங்கே வந்து இந்த அம்மாளுக்குச் செய்திருக்கிறாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம், யாருக்கும் தெரியாது. புருஷன் வேலை பிழைத்துவிடும். இந்த அம்மாள் இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன மாட்டாள், அவ்வளவுதான். நாளைக்கும் தின்ன மாட்டாள். அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு எவன் வருவானோ என்று ஒவ்வொரு நாளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

சங்கு ஊதியது. வளவன் கேட்டுக்கு உள்ளே போய்விட்டிருந்தான்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு நடந்தாள். இரண்டு தாளையும் கம்பிக்குள் நீட்டினாள்.

"அக்கா, பயப்படாதீங்க. நாந்தான் எடுத்தேன்."

செவ்வந்தி வாங்கிப் பார்த்தாள். தாளையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, "உள்ள வா" என்றாள்.

எழில்மதி எதையும் விடவில்லை. மெயில், கலியமூர்த்தி சார் வீட்டு போன், திங்கட்கிழமை வெரிபிகேஷன், மாமனாரின் மூன்று செண்டு, டிவி மேல் கிணுங்கிய போன் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள். செவ்வந்தி கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். படித்து முடிக்கிற வரையில் எழில்மதி அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி" என்றாள் செவ்வந்தி. "என் உசுரே போயி வந்துச்சிடி. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?"

"தெரியலக்கா. குடுத்திருப்பீங்களா?"

செவ்வந்தி யோசித்தாள். "எனக்கும் தெரியல" என்றாள். தாளில் அந்த வரியைக் காட்டி, "அந்தப் போனு நெசமாவே கம்பெனிதா?"

"தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னே இருக்கட்டும்."

இரண்டு தாளையும் சேர்த்து வைத்துக் கிழித்தாள். நாலாக, எட்டாக, முத்திரை இருந்த இடத்தை இன்னும் பொடியாகக் கிழித்தாள். குப்பைக் கூடையைப் பார்த்தவள் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டாள். அப்போதுதான் கழுவிக் கொண்டுவந்த டிபன் டப்பாவைத் திறந்து, ஈரத்தோடு ஈரமாக எல்லாத் துண்டுகளையும் உள்ளே போட்டாள்.

"வூட்டுக்குப் போயி அடுப்புல போட்டுக்கறேன். நீ கெளம்பு. இங்க வந்ததா வெளியில மூச்சு வுடாத."

எழில்மதிக்கு அழுகைதான் வந்தது. செவ்வந்தி அவளைப் பார்க்காமல் டப்பா மூடியை அழுத்தி மூடினாள். ஈரத்தில் மூடி இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை மாட்டியது. டப்பாவைப் பைக்குள் வைத்து, பையைக் காலடியில் தள்ளி, மின்விசிறியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினாள்.

"அடுத்தது யாருப்பா?"